வெளியில ஒரு கை

அந்தப் பொதுமனுத் துறையில மொத்தம் நூத்தி நாப்பத்திமூணு பேரு வேலை பாத்தாங்க. ஒரு மெஷினும் வேலை பாத்துச்சு. மெஷின் மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மூச்சு முட்டி நின்னுரும். மத்தவங்க நிக்கிறதுக்கு அப்படி நேரங்காலம் எல்லாம் கிடையாது.

காலைல பதினொரு மணி, மத்தியானம் மூணு மணி. கவுன்டர்ல இருக்கிற அத்தனை திரையும் ஒண்ணா வெளுத்துப்போகும். அப்ப ஒரு ஆளு போயி, மெஷினை அணைச்சு, இருவது வரைக்கும் எண்ணி, மறுபடி போடணும். அதுக்குன்னு 'தற்காலிக மீள்தொடக்க உதவியாளர்'னு ஒரு பதவியை உண்டாக்கி, மூணு பரீட்சை, ரெண்டு நேர்காணல், ஒரு கண் டெஸ்ட்டு எல்லாம் வெச்சு ஒருத்தனைப் பொறுக்கி எடுத்தாங்க. நேர்காணல்ல அவனைக் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்.

"முதல்ல போடுவியா, முதல்ல அணைப்பியா?"

"ஓடிட்டு இருந்தா அணைப்பேன் சார். அணைஞ்சிருந்தா போடுவேன்."

குழு அசந்துபோச்சு. 'துறை சார்ந்த ஆழ்ந்த அறிவு உடையவர்'னு எழுதிட்டாங்க.

அப்பா அம்மா வெச்ச பேரு அவன் சர்ட்டிபிகேட்டுல பத்திரமா இருக்கு. ஆபீஸ்ல ஆஃப்-ஆன், ஆஃப்-ஆன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாய் வலிச்சு, கடைசில ஆப்பான்னு ஆக்கிட்டாங்க. ஆப்பானுக்குப் பதினோரு வருஷமா ஒரே ஆசை. அந்தத் 'தற்காலிக'ங்கிற வார்த்தை மட்டும் உதிர்ந்துட்டா போதும். சேரும்போது ஆறு மாசத்துல நிரந்தரம்னாங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துல அவனும் அதையேதான் சொன்னான். கல்யாணமாகி மூத்தவன் நாலாவது படிக்கிறான். மாமனாரு ஞாயித்துக்கிழமை தவறாம போன் போட்டு, "மாப்பிள்ளைக்கு அந்த ஆறு மாசம் முடிஞ்சிருச்சா?"ன்னு கேக்கிறாரு. கேக்கிற மாதிரி கேக்கிறாரா, குத்துற மாதிரி கேக்கிறாரான்னு இன்னும் பிடிபடலை.

அவனை நிரந்தரம் பண்றதுல ஆபீஸ்ல ஒருத்தருக்கும் ஆட்சேபணை கிடையாது. அதுதான் விசேஷம். ஆளை நிரந்தரம் பண்ற ஃபைல் மேல்மாடி கிளார்க்கிட்ட. பதவியை நிரந்தரம் பண்ற ஃபைல் கீழ்மாடி கிளார்க்கிட்ட. மேல்மாடிக்காரர் அதுல எழுதியிருந்தாரு: 'பதவி நிரந்தரமான பின்னரே ஆளை நிரந்தரம் செய்ய இயலும். காண்க, கீழ்மாடிக் கோப்பு.' கீழ்மாடிக்காரர் இதுல எழுதியிருந்தாரு: 'நிரந்தர ஆள் அமர்ந்திருக்கும் பதவியையே நிரந்தரம் செய்ய இயலும். காண்க, மேல்மாடிக் கோப்பு.'

"சார், என் ஃபைல் என்னாச்சு?"

"பத்திரமா இருக்குப்பா. எதுக்கும் கீழ ஒரு வார்த்தை கேட்டுக்க."

"கீழ கேட்டேன் சார். மேல கேக்கச் சொன்னாங்க."

"பாத்தியா? ரெண்டு பேருமே உன்னை மறக்கலை."

இப்படி இருக்கையில, மேலிடத்துப் புள்ளி ஒருத்தரு நேரங்கெட்ட நேரமா மூணு மணிக்கு ஆபீஸுக்குள்ள வந்து, திரை வெளுத்ததை ரெண்டு கண்ணால பாத்துட்டுப் போயிட்டாரு. ஒரே வாரத்துல மெஷினைச் சரி பண்ண ஒரு பொண்ணு வந்து எறங்குச்சு. புரோகிராம் எழுதுற பொண்ணு. தோள்ல ஒரு பை, பைக்குள்ள கம்ப்யூட்டர், வாய்ல எந்நேரமும் ஒரு பேனா மூடி. ஆபீஸ்ல யாரும் நாற்காலி குடுக்கலை. ஆப்பான்தான் ஸ்விட்சுக்குப் பக்கத்துல கெடந்த ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டான்.

"அண்ணே, இது ஏன் நிக்குதுன்னு யாராவது பாத்திருக்கீங்களா?"

"ஏன் நிக்குதுன்னு பாக்கிற பதவி தனிம்மா. அது ரொம்ப நாளா காலி. நான் நின்னப்புறம் வர்ற ஆளு."

மூணு நாளு அந்தப் பொண்ணு மெஷினையே மொறைச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நாலாவது நாளு பேனா மூடியை வாயிலேருந்து எடுத்துட்டு, "கண்டுபிடிச்சிட்டேன்"னுச்சு.

"சொல்லு தங்கச்சி."

"மெஷினுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டுண்ணே. எத்தனை கை அதைப் பிடிச்சிருக்குன்னு. எல்லாக் கையும் விட்டுருச்சுன்னா, இனி இது யாருக்கும் வேண்டாம்னு தூக்கிப் போட்டு எடத்தைக் காலி பண்ணிரும்."

"நல்ல ஏற்பாடுதான?"

"நல்லதுதான். ஆனா ரெண்டு சாமான் ஒண்ணு சட்டையை ஒண்ணு பிடிச்சிக்கிட்டா? அதுங்களை ஊர்ல ஒருத்தரும் சீண்டுறதில்லை. ஆனா இதை அது பிடிச்சிருக்கு, அதை இது பிடிச்சிருக்கு. எண்ணிக்கை பூஜ்யமே ஆகாது. எடத்தை அடைச்சிக்கிட்டு அப்படியே கெடக்கும். லட்சக்கணக்குல அப்படிக் கெடக்குதுண்ணே. அதான் மூச்சு முட்டுது."

ஆப்பான் சிரிச்சுட்டான். "இதுக்கா மூணு நாளு கண்ணைக் கெடுத்துக்கிட்டே? மாடிப்படியில ஒரு தடவை ஏறி எறங்கியிருந்தா தெரிஞ்சிருக்குமே."

"இதைக் கூட்டிப் பெருக்க மெஷின்லயே ஒரு துடைப்பம் உண்டுண்ணே. ஒவ்வொண்ணுகிட்டயும் போயி, நீ யாரை யாரைப் பிடிச்சிருக்கேன்னு கேக்கும். உள்ளுக்குள்ளயே ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கிற கையை எல்லாம் கழிச்சிரும். கழிச்சப்புறமும் வெளியில இருந்து ஒரு கை பிடிச்சிருந்தா, அது உயிரோட இருக்குன்னு அர்த்தம். அது பிடிச்சிருக்கிறதும் தப்பிக்கும். வெளிக்கை இல்லேன்னா, மொத்தக் கும்பலும் குப்பை."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா கூட்டலை?"

"எல்லாம் இந்த ஒட்டுப்பெட்டியால. நான் சாமான்னு சொன்னது எல்லாமே ஒவ்வொரு பெட்டிதான். மெஷின் பொறந்தப்பவே கூட வந்த பெட்டிக்கெல்லாம் துடைப்பத்துக்குப் பதில் சொல்ல வாய் இருக்கு. உங்க துறைக்குன்னு மனு, ரசீது, ஃபைல், பதவி, ஆளுன்னு தனித்தனியா பெட்டி வேணும்னு வெளில ஒரு கம்பெனிகிட்ட குடுத்திருக்காங்க. அவங்க வேற பாஷைல செஞ்சு, கொண்டாந்து மெஷினோட ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அவசரத்துல வாய் வெக்க மறந்துட்டாங்க. துடைப்பம் வந்து கேக்குது. பெட்டி திருதிருன்னு முழிக்குது. பதில் சொல்லாததைத் தொடக்கூடாதுன்னு துடைப்பத்துக்கு உத்தரவு. தாண்டிப் போயிருது."

"ஆக, வாயைத் திறக்காதவன் பொழைச்சிக்கிறான்."

"அப்படித்தாண்ணே."

"என்னமோ மெஷின் மெஷின்கிறே. நீ எங்க ஆபீஸைத்தான் சொல்லிட்டு இருக்கே."

வைத்தியம் சின்னதுதான். ஒவ்வொரு ஒட்டுப்பெட்டிக்கும் ஒரு வாய் வெக்கணும், பிடிச்சிருக்கிறதை ஒண்ணு விடாம சொல்றதுக்கு. ஒரு விடுற கை வெக்கணும், விடுன்னா விடுறதுக்கு. நெத்தியில ஒரு சீட்டு ஒட்டணும், 'என்னையும் கேட்கலாம்'னு. ஒரு வாரத்து வேலை. ஆனா அதுக்குக் கையெழுத்து வேணுமே. துறைத் தலைவரு கூட்டம் போட்டாரு. அவரை எல்லாரும் பெரிய சார்னு சொல்லுவாங்க. எதுல பெரியவருன்னு யாரும் கேட்டது கிடையாது.

"பெட்டிக்கு வாய் வெக்கிறீங்க. சரி. பிடிச்சிருக்கிறதை எல்லாம் சொல்லியே ஆகணுமா?" பெரிய சார் கேட்டாரு.

"ஆமா சார்."

"சிலது ரகசியமா இருக்கும். சுமாரா சொன்னா போதாது?"

"குறைச்சுச் சொன்னா குப்பை தங்கிரும் சார். கூட்டிச் சொன்னா உயிரோட இருக்கிறதையும் தூக்கிப் போட்டுரும்."

"உயிரோட இருக்கிறது போயிட்டா புகார் வருமா?"

"வரும் சார்."

"புகார் யாருகிட்ட வரும்?"

"இந்தத் துறைக்குத்தான் சார்."

"அப்ப பயமில்லை." பெரிய சார் நிம்மதியா சாஞ்சு உக்காந்தாரு.

மேல்மாடி கிளார்க் எந்திரிச்சாரு. "விடுற கைங்கிறாங்களே சார், பிடிக்கிறதுக்கு நம்மகிட்ட நாப்பது விதி இருக்கு. விடுறதுக்கு ஒரு விதியாவது இருக்கா?" கீழ்மாடி கிளார்க் வாழ்க்கைல முதல் தடவையா அவரு சொன்னதை ஆமோதிச்சாரு. ரெண்டு பேரையும் போட்டு 'விடுவிப்பு விதிகள் வரையறைக் குழு'ன்னு ஒண்ணு அமைச்சாங்க. அந்தக் குழு இன்னமும் கூடிக்கிட்டுத்தான் இருக்கு. யாரு முதல்ல எந்திரிக்கிறதுன்னு முடிவாகலை.

நல்லவேளை, அந்த வருஷம் ஊரெங்கும் 'வெளிப்படை'ங்கிற ஃபேஷன் ஓடிட்டு இருந்துச்சு. எல்லா ஆபீஸ்லயும் சுவரை இடிச்சுட்டுக் கண்ணாடி வெச்சாங்க. பெரிய சாரும் மரமேஜையைத் தூக்கிட்டுக் கண்ணாடி மேஜை போட்டாரு. செருப்பைக் கழட்டிட்டு அவரு கால் மேல கால் போடுறது எல்லாருக்கும் தெரியுதுன்னு அதுமேல கனமா ஒரு துணி விரிச்சாரு. "பெட்டி வாய் திறந்தா நம்ம துறைதான் நாட்டுலயே வெளிப்படையான துறை"ன்னு யாரோ அவரு காதுல ஊத, கையெழுத்து விழுந்துருச்சு.

கையெழுத்தோட விட்டாரா? ஊழியர்களுக்கும் பயிற்சி வெச்சாரு. கழுத்துல ஸ்கார்ஃப் கட்டின பயிற்சியாளர் ஒருத்தரு வந்து, முப்பது பேரை வட்டமா நிக்கவெச்சு, முன்னாடி இருக்கிறவரு தோளை ஆளுக்கு ஒரு கையால பிடிக்கச் சொன்னாரு. 'நான் யாரைப் பிடித்திருக்கிறேன்'னு உரக்கச் சொல்லணும். சொன்னாங்க. மூச்சை இழுக்கணும். இழுத்தாங்க. "இப்போது... விடுங்கள்"னாரு. ஒருத்தரும் விடலை.

"முன்னாடி இருக்கிறவரு விட்டா நான் விட்டுடுறேன் சார்."

"நானும் அதான் சார். அவரு விடட்டும்."

"நான் ரெடி சார். எனக்கு முன்னாடி இருக்கிறவரு விடணும்ல?"

வட்டத்துல எல்லாருக்குமே முன்னாடி ஒருத்தரு இருக்காருல்ல? பயிற்சியாளர் கெஞ்சினாரு, கும்பிட்டாரு, ஸ்கார்ஃபை அவுத்து மூஞ்சியைத் தொடைச்சாரு. ஒண்ணரை மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சதும், சார், பாக்கணுமே! முப்பது கையும் ஒரே செகண்டுல காத்துல. 'பயிற்சி வெற்றி'ன்னு அறிக்கை போச்சு.

இதுக்கு நடுவுல அந்தப் பொண்ணு பெட்டிக்கெல்லாம் வாய் பொருத்தி முடிச்சிருச்சு. முதல் கட்டமா மனு, ரசீது, ஃபைல். வியாழக்கிழமை மூணு மணிக்குத் துடைப்பம் ஓடும், அதுக்கப்புறம் வாராவாரம் தானா ஓடும்னு ஏற்பாடு. திங்கக்கிழமை ஒரு ஒத்திகை பாத்துச்சு. எதெது போகும்னு பட்டியல் வந்துச்சு. ஆப்பான் சும்மா எட்டிப் பாத்தான். முதல் வரியிலயே அவன் பேரு.

"தங்கச்சி! இது என் ஃபைல்மா!"

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்குண்ணே. வெளிக்கை இல்லை."

"பதினோரு வருஷத்து ஃபைல்மா. அது போச்சுன்னா நான் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்த ரெண்டுக்கு மட்டும் வாயைத் தெச்சு விட்டுரேன்."

"ஒண்ணுக்குத் தெச்சா எல்லாத்துக்கும் தெச்ச மாதிரிண்ணே. ஒரே அச்சுல வார்த்த பெட்டி. ஆனா ஒரு வழி இருக்கு. வெளி ஆளு யாராவது கவுன்டர்ல வந்து, இந்த ஃபைல் என்னாச்சுன்னு ஒரு தடவை கேட்டா போதும். கேட்டதுலேருந்து ஏழு நாளைக்கு அது வெளிக்கை."

வெளி ஆளுன்னு சொன்னது காதுலயே விழாம, இவ்வளவுதானன்னு ஆப்பான் ஓடினான். மேல்மாடிக்காரர், "கீழ கேட்டாங்கன்னா நானும் கேக்கிறேன்"னாரு. கீழ்மாடிக்காரர், "மேல கேக்காம நான் எப்படிப்பா?"ன்னாரு. பெரிய சார், "நான் கேட்டா சிபாரிசு ஆயிரும். நான் கேக்காததை வேணா யாராவது கேட்டா, கேட்டதை நான் கவனிக்காம இருக்கேன்"னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுக்கிட்டே அவன் வீட்டுக்கு வந்து சேந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் பொண்டாட்டி துணி மடிக்கிறதை நிறுத்தினா. "நான் வந்து கேக்கட்டா?"

"ஏம்மா, அங்க போர்டு வெச்சிருக்கு. 'மனுவின் நிலை குறித்து நேரில் வந்து விசாரிப்பதைத் தவிர்க்கவும், தகவல் தானாக வந்து சேரும்'னு."

"எழுதி வெச்சதைப் பாத்து நடக்கிறவளா இருந்தா, தற்காலிகம்னு எழுதியிருந்தப்பவே உங்களை விட்டுட்டுப் போயிருப்பேன்."

செவ்வாக்கிழமை காலைல பத்து மணிக்கு கவுன்டர்ல போயி நின்னா. கவுன்டர் அம்மா கண்ணாடிக்கு மேல பாத்தாங்க. பல வருஷத்துல கேள்வி கேக்க வந்த முதல் ஆளு.

"நீங்க யாரு?"

"பொதுஜனம்."

"எந்த ஃபைலு?"

"ஆப்பான் நிரந்தரமாகிற ஃபைலு."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"அதுவும் நிலுவையிலதான் இருக்கு. நீங்க முதல்ல கேட்டதை எழுதிக்குங்க."

எழுதிக்கிட்டாங்க. ஆப்பான் பேரு பட்டியல்லேருந்து காணாம போச்சு. அதுக்குக் கீழ இன்னும் நாப்பது லட்சம் வரி இருந்துச்சு. அவன் தன் பேரு இல்லைன்னு ரெண்டு தடவை தேடிப் பாத்துட்டுப் பட்டியலை மடிச்சுவெச்சுட்டான்.

அந்தப் பொண்ணு மடிக்கலை. பெரிய சார் அறைக்குள்ள போச்சு. "சார், இதுல பெரும்பகுதி ஜனங்க குடுத்த மனு. மனுவுல ரசீது நம்பர் இருக்கு, ரசீதுல மனு நம்பர் இருக்கு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கே தவிர வெளில ஒரு கையும் இல்லை. எல்லாம் போயிரும்."

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"கேக்கக்கூடாதுன்னு நீங்கதான சார் போர்டு வெச்சிருக்கீங்க?"

"கேக்கக்கூடாதுன்னு சொன்னோம். ஒருத்தரும் கேக்கலை. ஜனங்க திருப்தியா இருக்காங்கன்னு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

வியாழக்கிழமை மூணு மணி. ஆப்பான் ஸ்விட்சு மேல கையை வெச்சுக்கிட்டு நின்னான். திரை வெளுக்கலை. மூணே காலுக்கும் வெளுக்கலை. கவுன்டர் அம்மா என்ன பண்றதுன்னு தெரியாம, இருக்கிற பேனாவை எல்லாம் உயரப்படி அடுக்கி வெச்சாங்க. நாப்பது லட்சம் சாமான் ஒரு மூச்சுல வெளிய போயிருச்சு. துறையில மிச்சம் நின்னது ஆப்பானோட ரெண்டு ஃபைல். ஒண்ணைப் பொண்டாட்டி பிடிச்சிருக்கா, இன்னொண்ணை அது பிடிச்சிருக்கு.

பெரிய சாருக்கு மாலை போட்டாங்க. 'நிலுவையற்ற துறை'ன்னு கேடயம் குடுத்தாங்க. பொன்முட்டை இட்ட கோழி மாதிரி அவரு ஆபீஸ் முழுக்க நடந்தாரு. நடந்த வேகத்துல, "மனுவும் ஃபைலும் மட்டும் என்ன? பதவிப் பெட்டி, பிரிவுப் பெட்டி, ஆள் பெட்டி எல்லாத்துக்கும் வாய் வையுங்க. நம்ம துறையில ஒளிவுமறைவே கூடாது"ன்னாரு. அந்தப் பொண்ணு வெச்சுது. ஒத்திகை பாத்துது. பட்டியலைக் கொண்டாந்து துணி விரிச்ச கண்ணாடி மேஜை மேல வெச்சுது.

பெரிய சார் படிச்சாரு. முதல் பேரு அவரோடது.

"என்னம்மா இது?"

"உங்களைப் பிரிவுகள் பிடிச்சிருக்கு சார். பிரிவுகளை நீங்க பிடிச்சிருக்கீங்க. வெளிய இருந்து யாரும்..."

"போதும், போதும். எப்படித் தப்பிக்கிறது?"

"உயிரோட இருக்கிற ஃபைல் ஏதாவது உங்களைப் பிடிச்சிருக்கணும்."

உயிரோட இருக்கிறது ஒண்ணுதான். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நூத்தி நாப்பத்திமூணு பேரும் ஆப்பான் ஃபைலுக்குள்ள பூந்துட்டாங்க. மேலொப்பம் இடுபவர், கீழொப்பம் இடுபவர், ஒப்பத்தைச் சரிபார்ப்பவர், சரிபார்த்ததை உறுதி செய்பவர், ஒப்பத்துக்குப் பேனா வழங்குபவர், பேனாவைத் திரும்பப் பெறுபவர். ஃபைல் குட்டி யானை மாதிரி ஆயிருச்சு. துறை முழுக்க ராப்பகலா ஆப்பானை நிரந்தரம் பண்ற வேலைதான்.

ஆப்பானுக்குக் கால் தரையில நிக்கலை. மாமனாருக்கு அவனே போன் போட்டான். "மாமா, என் ஒருத்தன் ஃபைலைத்தான் ஆபீஸே பாக்குது."

"அப்ப இந்த வாரம் முடிஞ்சிரும்னு சொல்லுங்க."

அதைத்தான் போயி மேல்மாடி கிளார்க்கிட்ட கேட்டான். அவரு கதவைச் சாத்திட்டு வந்தாரு. "ஏம்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? உன்னை நிரந்தரம் பண்ணினா ஃபைல் முடிஞ்சிரும். ஃபைல் முடிஞ்சா நாங்க நூத்தி நாப்பத்திமூணு குடும்பம் எங்கப்பா போறது? உன் ஒருத்தன் சுயநலத்துக்காக..."

ஆப்பானுக்கு அதுவும் நியாயமாப் பட்டுச்சு. ஆளு கெட்டவன் கிடையாது. மன்னிப்பு கேட்டுட்டு வந்தான்.

இப்ப துறையில மகாராணி அவன் பொண்டாட்டிதான். வாரம் ஒருக்கா அவ வந்து, ஃபைல் என்னாச்சுன்னு கேட்டாதான் எல்லாருக்கும் மூச்சு. அவளுக்குக் குஷன் நாற்காலி. வாசல்லேருந்து கவுன்டர் வரைக்கும் விரிப்பு. அந்தப் போர்டைக் கழட்டி, பின்பக்கத்துல 'வருக வருக'ன்னு எழுதி மாட்டினாங்க. அவ கேப்பா. நூத்தி நாப்பத்திமூணு பேரும் எந்திரிச்சு நின்னு, "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரே குரல்ல சொல்லுவாங்க.

ஒரு வாரம் அவளுக்குச் சளி. திங்க வரலை, செவ்வா வரலை, புதனும் வரலை. பெரிய சாருக்கு ஜன்னி கண்டுருச்சு. புதன் சாயங்காலம் மருந்து, பழம், கஷாயத்தோட நாலு பிரிவுத் தலைவருங்க அவ வீட்டு வாசல்ல. வியாழன் காலைல போர்வையைப் போத்திக்கிட்டு வந்து ஒரு தும்மல் தும்மி, "என்னாச்சு?"ன்னா. தப்பிச்சாங்க.

ஆனா பெரிய சாரு படிச்ச படிப்பு வீணாப் போகுமா? இப்படி ஒரு தும்மல்ல துறை தொங்கலாமா? அவசரக் கூட்டம் போட்டு ஒரு பதவியை உண்டாக்கினாரு. 'நிலைக் கேட்பாளர்.' தகுதி, ஆப்பான் பொண்டாட்டியா இருக்கணும். வேலை, தினமும் எட்டு மணி நேரம் ஃபைல் என்னாச்சுன்னு கேக்கணும்.

"தற்காலிகமா?"ன்னு அவ கேட்டா.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? முதல் நாள்லேருந்தே நிரந்தரம்."

அவ புருஷனைத் திரும்பிப் பாத்தா. "ஏங்க, பாத்தீங்களா? ஆறு நிமிஷம்."

அந்தப் பொண்ணு மட்டும் பதறிப்போயி ஓடி வந்துச்சு. "சார், அவங்க வெளில நின்னு பிடிச்சாதான் பிடி. உள்ள கூட்டிட்டு வந்துட்டா அவங்களும் வட்டத்துல ஒரு ஆளு. ஃபைலை அவங்க பிடிச்சிருக்காங்க, அவங்களைப் பதவி பிடிச்சிருக்கு, பதவியை ஃபைல் பிடிச்சிருக்கு. வெளிக்கை எங்க சார்?"

"அம்மா, நேத்து வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாங்க. இனிமே நாளைக்கு எட்டு மணி நேரம் கேப்பாங்க. பிடி கூடுமா, குறையுமா? கணக்குப் போட்டுப் பாருங்க."

அது பேனா மூடியை எடுத்துப் பைக்குள்ள போட்டுச்சு. வந்த வேலையும் முடிஞ்சிருந்துச்சு. போகும்போது ஆப்பான்கிட்ட, "வர்றேண்ணே. வியாழக்கிழமை மூணு மணிக்கு யாரும் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை, துடைப்பம் தானா ஓடும்"னுச்சு.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்னா நாங்க பிரமாதமா பண்ணுவோம் தங்கச்சி."

பண்ணாங்க. ஒரு வாரம் உள்ள இருந்தே கேட்டா, உள்ள இருந்தே சொன்னாங்க. பழைய தும்மலோட ஏழு நாளும் முடிஞ்சுது. அடுத்த வியாழன் மூணு மணிக்குத் திரை வெளுக்கவும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. அஞ்சு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க.

வெள்ளிக்கிழமை காலைல பெரிய சாரு வாசல் கதவுல அட்டையைத் தேய்ச்சாரு. சிவப்பு விளக்கு எரிஞ்சுது. 'அப்படி ஒருவர் இல்லை'ன்னு எழுத்து வந்துச்சு. இடுப்புல தொடைச்சுட்டு மறுபடி தேய்ச்சாரு. இல்லை. மேல்மாடிக்காரர் தேய்ச்சாரு. இல்லை. கீழ்மாடிக்காரர் இல்லை. கவுன்டர் அம்மா இல்லை. ஒம்போதரைக்கு நூத்தி நாப்பத்திமூணு பேரும் வெயில்ல. நூத்தி நாப்பத்தி நாலாவதா நிலைக் கேட்பாளர், புது அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு.

ஆப்பான் ஒம்போது மணிக்கே உள்ள போயிட்டான். தற்காலிக ஆளுக்கு யாரு அட்டை குடுத்தா? அவனுக்கு என்னைக்கும் பின்வாசல், வாட்ச்மேன் நோட்டுல ஒரு கையெழுத்து. மெஷின்ல அவன் ஃபைல் இருந்துச்சே தவிர, ஆளா அவன் என்னைக்குமே இருந்ததில்லை. இல்லாதவனை எந்தத் துடைப்பம் கூட்டும்? கூட்டினது ஃபைலைத்தான். பதினோரு வருஷத்து நிரந்தரக் கனவு சத்தமில்லாம போயிருச்சு. போனது அவனுக்கு ஒரு அரை மணி நேரம் வலிச்சுது. தலையில கையை வெச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருந்தான்.

அப்பத்தான் கவுன்டர் ஜன்னலை வெளிய இருந்து தட்டினாங்க.

திறந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் பெரிய சார் மூஞ்சி. அந்த மூஞ்சியை அவன் கீழ்லேருந்துதான் பாத்துப் பழக்கம். இப்பத்தான் மேலேருந்து பாக்கிறான்.

"ஆப்பா... ஆப்பான் சார், கொஞ்சம் கதவைத் திறந்து விடுங்க."

ஆப்பான் திறக்கத்தான் எந்திரிச்சான். சத்தியமா திறக்கத்தான் எந்திரிச்சான். ஆனா அந்தக் குஷன் நாற்காலி குறுக்க கெடந்துச்சு. சும்மா ஒரு நிமிஷம் அதுல உக்காந்து பாத்தான். அவ்வளவுதான். குரல் தானா மாறிப்போச்சு.

"தாங்கள் யார்?"

"என்னப்பா இது, நான்தான்..."

"அப்படி ஒருவர் இல்லைன்னுல்ல மெஷின் சொல்லுது. எழுத்து மூலமா குடுங்க. வரிசையில வாங்க. யாருப்பா அங்க தள்றது?"

நூத்தி நாப்பத்திமூணு பேரும் வரிசை கட்டினாங்க. பேனா வழங்குபவர்கிட்ட ஒரு பேனாகூட இல்லை. ரோட்டுல போன ஜனம் நீளமா வரிசையைப் பாத்துட்டு, எதுக்குன்னு கேக்காம வாலுல சேந்து நிக்க ஆரம்பிச்சிருச்சு. பத்து மணிக்கு வரிசை தெருமுனையைத் தாண்டிருச்சு. ஆப்பான் மனுவை வாங்குவான், மனு நம்பர் போட்ட ரசீதைக் கிழிச்சுக் குடுப்பான், மனுவுல ரசீது நம்பரை எழுதுவான்.

"எப்பங்க தெரியும்?"

"தகவல் தானாக வந்து சேரும். அடுத்து!"

அடுத்து அவன் பொண்டாட்டி. கழுத்துல அட்டை, கையில ஒண்ணுமில்லை.

"மனு எங்க?"ன்னான் ஆப்பான், தலையைத் தூக்காம.

"ஏங்க, என்கிட்டயுமா?"

"வெளிப்படையான துறைம்மா. சொந்தபந்தம் பாக்கிறது இல்லை."

 அவ கழுத்துலேருந்த அட்டையைக் கழட்டி கவுன்டர் மேல வெச்சா.

"சரிங்க. வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. சாயங்காலம் வாசல்ல நின்னு கதவைத் தட்டாதீங்க. நீங்க யாரு, எனக்கு என்ன வேணும், எதுக்கு உள்ள வரணும்னு ஒரு பக்கம் எழுதி ஜன்னல் வழியா போட்டுருங்க." ரெண்டடி போயிட்டுத் திரும்பினா. "ரசீது தர்றேன்."